ஒரு சாண் கதவு

என் மனைவியின் அண்ணன் முப்பது வருஷம் வேனில் குடியிருந்தார். ஊர் சுற்றினார் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "சுத்தறவன் வேற, குடியிருக்கறவன் வேற மாப்ள" என்பார். வேனுக்குள் பலகை அடித்து மெத்தை போட்ட படுக்கை, ஒற்றை அடுப்பு, ஒரு தட்டு, ஒரு டம்ளர், துணி காயப்போட ஒரு கயிறு. பக்கவாட்டில் இழுத்துத் திறக்கிற கதவு. நான் சொல்ல வந்தது அந்தக் கதவைப் பற்றித்தான். ஆனால் ஆளைச் சொல்லாமல் கதவைச் சொன்னால் யாருக்கும் புரியாது.

மச்சானுக்கு எடைமேடை சோதிக்கிற வேலை. லாரியைச் சரக்கோடு அப்படியே ஏற்றி நிறுத்தி எடை போடுவார்களே, அந்த மேடை. கல்குவாரி, சிமெண்ட் ஆலை, பழைய இரும்புக் கிடங்கு என்று போய், இருபது கிலோ இரும்புக் கட்டிகளை அடுக்கி, மேடை சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து முத்திரை வைக்க வேண்டும். இந்த இடங்களெல்லாம் ஊருக்கு வெளியே, நாய்கூட எட்டிப் பார்க்காத தூரத்தில் இருக்கும். தங்க ரூம் கிடைக்காது. அதனால்தான் வேன். முதலில் அது கம்பெனியுடையது. பழசாகி ஏலத்துக்கு வந்தபோது இவரே எடுத்துக்கொண்டார்.

பெண் பார்க்கவும் ஒருமுறை போயிருக்கிறார்கள். "மாப்பிள்ளைக்கு வீடு எங்க?" என்று பெண்ணின் அப்பா கேட்டதற்கு, "வாசல்ல நிக்குது பாருங்க" என்று வேனைக் காட்டினாராம். காபியோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. இதை அவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் வயிறு வலிக்கச் சிரிப்பேன். என் மனைவி மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

தொழிலில் மகா பிடிவாதக்காரர். சட்டைப்பையில் எப்போதும் ரசமட்டம் இருக்கும். விரல் நீளக் கண்ணாடிக் குழாய், உள்ளே ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் தரை சமம். "மேடை பொய் சொல்லாது மாப்ள. தரைதான் நம்மளை ஏமாத்தும். ஒரு மழை பெஞ்சா மறுபடி மட்டம் பாக்கணும்" என்பது அவர் பேச்சில் நாலு வாக்கியத்துக்கு ஒருமுறை வரும். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் எடையைச் சொல்வார். நான் போய் மெஷினில் ஏறிப் பார்த்தால் அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கும். அவர் சொன்னதுதான் சரி, மெஷின்தான் தப்பு என்று சாதிப்பார்.

அப்படிப்பட்ட மனுஷன் ஒரு குவாரியில் கட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்தவர், தலைசுற்றி மேடைமேலேயே விழுந்துவிட்டார். மேடை அவர் எடையைக் காட்டிக்கொண்டிருக்க, ஆள் நினைவில்லாமல் கிடந்தார். லாரி டிரைவர் ஒருவர் பார்த்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மயக்கம் மறுபடியும் வரலாம், தனியாக மட்டும் இருக்காதீர்கள், யாராவது கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் படுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கம்பெனியும் போதும் என்று சொல்லிவிட்டது. முப்பது வருஷம் கூப்பிடு தூரத்தில் யாரும் இல்லாமல் படுத்தவருக்குக் கூப்பிட்டால் வர இருந்தது ஒரே ஒரு தங்கைதான். நாங்கள் போய் அழைத்துவந்தோம்.

எங்கள் வீடு மேட்டுத் தெருவில் கடைசி வீடு. இரண்டே அறை. முன்னறை முழுக்க என் மனைவியின் தையல் மெஷினும் துணி மூட்டைகளும். சாயங்காலமானால் அளவு கொடுக்கவும் சண்டை போடவும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். நான் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவன், வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். "உள்ள வந்து படுங்க மச்சான், நான் மெஷினுக்கு அடியில படுத்துக்கறேன்" என்றேன். "உங்க உடம்புக்கு மெஷினைத்தான் வெளிய போடணும்" என்று சொல்லிவிட்டு, வீட்டுப் பக்கவாட்டு மண்தரையில் வேனை நிறுத்திக்கொண்டார்.

அந்த இடம் கேட்டை நோக்கிச் சரிந்து போகும். வேனைப் பின்பக்கமாக ஏற்றி, மூக்கு கேட்டைப் பார்க்க நிறுத்தினார். முன்சக்கரம் இரண்டுக்கும் அடியில் செங்கல் அடுக்கி, ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, ரசமட்டத்தைத் தரையில் வைத்துக் குமிழி நடுவில் நிற்கும்வரை என்னைச் சாப்பிடப் போகவிடவில்லை. கதவுத் தண்டவாளத்துக்கு கிரீஸ் தடவினார். இழுத்தால் கடகடவென்று ஒலிக்கிற கதவு அது. தங்கை வீட்டில் தன்னால் ஒரு சத்தம் கேட்கக்கூடாது என்று அவருக்கு. கிரீஸ் போட்டபின் அந்தக் கதவு பூனை போல நகர்ந்தது.

அன்றைக்கு என் மனைவியைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். "பாப்பா, ஒரு சாண் திறந்து வெச்சிருக்கேன். வா." ஐம்பதைத் தாண்டிய என் மனைவியைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம்.

ஒரு சாண் என்பது அவர்கள் குடும்பக் கணக்கு. என் மாமனார் ரொட்டி சுடுகிற இடத்தில் அடுப்பு வேலை பார்த்தவர். ராத்திரியெல்லாம் அடுப்பு, பகலெல்லாம் தூக்கம். அறைக்கதவு சாத்தியிருந்தால் அப்பா தூங்குகிறார் என்று அர்த்தம். தட்டக்கூடாது, கூப்பிடக்கூடாது, வீடே பற்றி எரிந்தாலும் முதலில் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும். அப்பா எழுந்ததும் கதவை ஒரு சாண் திறந்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார். அதற்காகவே காத்திருக்கிற அண்ணனும் தங்கையும் விழுந்தடித்து ஓடி அவர்மேல் ஏறுவார்கள். விருந்தாளி யாராவது வந்துவிட்டால், பனியனோடு கிடக்கிற மனுஷன் கண்ணில் படக்கூடாது என்று அம்மா வந்து வெளியிலிருந்து சத்தமில்லாமல் கதவைச் சாத்துவாள். சாத்தினால் உள்ளே இருப்பவர் உள்ளேயே இருக்க வேண்டும். அப்பா அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகியும் இந்தச் சட்டம் மட்டும் இவர்கள் இரண்டு பேரை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் என் மனைவி சாத்தின கதவைத் தட்ட மாட்டாள். நான் குளியலறையில் வழுக்கி விழுந்து கத்தினபோதுகூட வெளியே நின்று, "வரலாமா?" என்று கேட்டவள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. வாடிக்கைக்காரர்கள் போனதும் தட்டில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு இறங்குவாள். வேன் கதவு ஒரு சாண் திறந்திருக்கும், வெளிச்சம் கீற்றாக மண்ணில் விழுந்திருக்கும். இவள் வருகிறாள் என்று அவர் இன்னொரு டம்ளர் வாங்கிவைத்தார். அந்த வேனுக்குள் வந்த இரண்டாவது டம்ளர் அதுதான். இரண்டு பேரும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு என்னத்தைத்தான் பேசுவார்களோ, சிரிப்புச் சத்தம் சமையலறைக்குக் கேட்கும். நான் தனியாகச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பேன். எனக்கு அதில் குறையில்லை என்று எழுதினால் என் மனைவி சிரிப்பாள், அதனால் கொஞ்சம் இருந்தது என்றே எழுதிவைக்கிறேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டு ஒரு வாரத்துக்கு மேல் பெய்தது. மழை நின்ற மறுநாள் இவள் தட்டோடு இறங்கிப் போனாள், போன சூட்டோடு திரும்பி வந்தாள்.

"சாத்தியிருக்கு. தூங்கறான் போல."

"இந்நேரத்துக்கா? தட்டிப் பாரேன்."

"சும்மா இருங்க. உடம்பு சரியில்லாதவன், தூங்கட்டும்."

அடுத்த நாளும் அதே கதை. அதற்கு அடுத்த நாளும். நான் ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நாள் முழுக்க என் கவுண்டர் கண்ணாடியைத் தட்டாத ஆள் கிடையாது, எனக்குத் தட்டுவதிலும் தட்டப்படுவதிலும் ஒரு கூச்சமும் இல்லை. என் மனைவி முழங்கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். "நான் வந்தா பிடிக்கலையோ என்னவோ. தனியாவே இருந்து பழகினவன். வேணும்னா திறக்க மாட்டானா?" என்றாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

எனக்குக் கோபம் வந்தது. நம் வீட்டு மண்ணில் வண்டியை நிறுத்திக்கொண்டு நம் முகத்திலேயே கதவைச் சாத்துகிறாரே, என்ன பெரிய மனுஷன் என்று நினைத்தேன். காலையில் குழாயடியில் பார்த்தால், "சாப்டீங்களா மச்சான்?" "ஆச்சு மாப்ள." அவ்வளவுதான். என் எடையைக்கூடச் சொல்வதில்லை. அவரே ஏதோ முட்டையை அவித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனிதர் நாளுக்கு நாள் இளைத்தார், கண்ணுக்குக் கீழே கறுத்தது. என் மனைவி தினமும் ஒருவருக்கான சாப்பாட்டை எடுத்துக்கொண்டு இறங்குவாள், அப்படியே கொண்டுவந்து மூடிவைப்பாள், மறுநாள் அதையே தான் சாப்பிடுவாள். அண்ணன் வேனில் தனியாக, தங்கை சமையலறையில் தனியாக. நடுவில் இருந்த தூரம் ஒரு கார் நிறுத்துகிற அகலம்தான்.

ஒரு சனிக்கிழமை காலையில் வேன் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, நாளைக்குக் காலைல கிளம்பறேன். குவாரிப் பக்கம் தெரிஞ்ச வாட்ச்மேன் இருக்கான், அங்க நிறுத்திக்கலாம்னு சொல்லியிருக்கான்."

"டாக்டர் என்ன சொன்னாரு, மறந்துபோச்சா?"

"வாட்ச்மேன் இருக்கான்ல."

"அந்த ஆளு பாதி நாள் இருக்க மாட்டான்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

செய்தியை உள்ளே வந்து சொன்னேன். என் மனைவி தையல் மெஷினை நிறுத்தவில்லை. துணி முடிந்த பிறகும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "போகட்டும். என் வீட்ல வந்து ஜெயில்ல இருக்கற மாதிரி இருக்கான்" என்றாள். போய்க் கேளு என்றேன். கேட்க மாட்டாள். இந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்டால்தான் குற்றம் போல.

எனக்குப் பொறுக்கவில்லை. மனுஷன் எங்கேயோ ஒரு குவாரி ஓரத்தில் விழுந்து கிடப்பார், நாங்கள் தகவல் வந்தபின் பஸ் பிடித்துப் போய் நிற்போம். அன்று கவுண்டரில் இரண்டு பேருக்கு ஊர் மாற்றி டிக்கெட் கொடுத்துத் திட்டு வாங்கினேன். பொழுது சாயும்போது வீட்டுக்குள்கூட நுழையாமல் நேராக வேனுக்குப் போனேன். கதவு அப்போது முழுதாகத் திறந்திருந்தது. பகலெல்லாம் அப்படித்தான் இருக்கும். முழுதாகத் திறந்தால் பின்னால் ஒரு கொக்கி பிடித்துக்கொள்ளும், முழுதாகச் சாத்தினால் பூட்டு பிடித்துக்கொள்ளும். நடுவில் பிடிக்க ஒன்றும் கிடையாது.

உள்ளே மூட்டை கட்டி முடிந்திருந்தது. அடுப்பின் காஸ் குழாயைக் கழற்றிவைத்திருந்தார். எனக்காக மறுபடி மாட்டி டீ போட்டார். கவிழ்த்து வைத்திருந்த இரண்டாவது டம்ளரை எடுத்து ஊதி, துடைத்து, அதில் ஊற்றிக் கொடுத்தார். இருட்டத் தொடங்கியதும், பேசிக்கொண்டே எழுந்து போய்க் கதவை இழுத்து ஒரு சாண் விட்டு நிறுத்தினார். பழக்கம். நாளைக்குப் போகிறவர் இன்றைக்கும் ஒரு சாண் விடுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"இப்ப மட்டும் எதுக்குத் திறந்து வெக்கறீங்க?"

"தினமும்தான் வெக்கறேன் மாப்ள." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "பாப்பாவைத் தப்புச் சொல்லாதீங்க. நாலு பேரு வந்துபோற வீடு. வாசல்ல இப்படி ஒரு வண்டி, அதுக்குள்ள லுங்கியோட ஒருத்தன். அவளுக்குச் சங்கடமா இருக்காதா? வாய்விட்டுச் சொல்ல மாட்டா. நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கறப்ப வந்து மெதுவாச் சாத்திட்டுப் போயிடறா. எங்கம்மா அப்படித்தான் சாத்துவாங்க, சத்தமே வராது. எழுந்து பாத்தா சாத்தியிருக்கும். சரி, வெளிய வராதன்னு சொல்றான்னு இருந்துக்குவேன்."

அவருக்கு முதுகு வலி. இடது பக்கமாக, சுவரைப் பார்த்துத்தான் படுப்பார். வலது காது குவாரி இரைச்சலிலேயே போய்விட்டது. கேட்கிற காது தலையணைக்குள் இருக்கும்.

"யாரு சாத்தறா?" என்றேன். "பாப்பாவா? மச்சான், அவ தினமும் சோத்துத் தட்டைத் தூக்கிட்டு வந்து, கதவு சாத்தியிருக்குன்னு திரும்பிப் போயிட்டிருக்கா! நீங்கதான் சாத்திக்கறீங்கன்னு அழுதுட்டிருக்கா!"

"நான் எதுக்குச் சாத்தறேன்?"

"அவ எதுக்குச் சாத்தறா?"

கோபத்தில் எழுந்தவன் தலை கூரையில் இடித்து, வலியில் அப்படியே தொப்பென்று படுக்கையில் உட்கார்ந்தேன். என் உடம்பைப் பற்றி ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. வேன் ஒரு ஆட்டம் ஆடியது. அப்போது கதவு நகர்ந்தது. யாரும் தொடவில்லை. மெல்ல, கிரீஸ் போட்ட தண்டவாளத்தில் சத்தமே இல்லாமல் முன்னால் போய், பூட்டு விழாமல் சட்டத்தோடு ஒட்டி நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் சாத்தின கதவுதான்.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மச்சான் எழுந்து போய்க் கதவை மறுபடி ஒரு சாண் திறந்தார். நின்றது. வந்து படுக்கையில் எப்போதும் போலச் சாய்ந்தார். வேன் லேசாக அசைந்தது, கதவு மறுபடி புறப்பட்டுப் போய் ஒட்டிக்கொண்டது.

சட்டைப்பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். குமிழி பின்பக்கம் ஓடி ஓரத்தில் ஒதுங்கியது. டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கிப் பார்த்தோம். முன்சக்கரத்துச் செங்கல் மழையில் ஊறிய மண்ணுக்குள் பாதி இறங்கி, வேனின் மூக்கு தாழ்ந்திருந்தது.

"மழை பெஞ்சா மறுபடி மட்டம் பாக்கணும்" என்றேன் நான். கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன், முடிக்கும்போது கிண்டல் இல்லை.

"பாக்கலியே மாப்ள" என்றார். "ஊர்ல இருக்கற மேடைக்கெல்லாம் பாத்தேன். இது வீடுதானேன்னு விட்டுட்டேன்." சக்கரத்தின் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். அழுதாரா என்று நான் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை.

பாப்பாவைக் கூப்பிடுகிறேன் என்றதற்குக் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம், தானா வரணும்." இரும்புக் கட்டிகளுக்கு அடியில் போடுகிற தடித்த ரப்பரில் ஒரு துண்டு அறுத்து, ஒரு முனையைச் சீவி, கதவின் கீழ்த் தண்டவாளத்தில் ஒரு சாண் தள்ளி வைத்து, சுத்தியலால் தட்டி இறுக்கினார். கதவை அதில் முட்டவைத்தார். என்னைப் படுக்கையில் உட்கார்ந்து எழச் சொன்னார். உட்கார்ந்தேன், எழுந்தேன், குதித்தும் பார்த்தேன். கதவு அசையவில்லை. "எண்பத்தாறரை" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு என் எடையைச் சொன்னார்.

வீட்டுக்குள் வந்து எல்லாவற்றையும் என் மனைவியிடம் சொன்னேன். துணியில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, சமையலறை ஜன்னலில் போய் நின்றாள். வேனிலிருந்து வெளிச்சம் கீற்றாக மண்ணில் விழுந்திருந்தது.

"போயேன்."

"இருங்க. மூடிக்குதான்னு பாக்கறேன்."

"ரப்பர் அடிச்சிருக்காருடி. ஆனை வந்து தள்ளினாலும் மூடாது."

"இருங்க" என்றாள் மறுபடி. எவ்வளவு நேரம் நின்றாளோ, சாதம் ஆறிப்போயிற்று. வெளிச்சம் அப்படியே இருந்தது. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான் ஜன்னலுக்கு வந்துவிட்டேன். ஒட்டுக் கேட்டேன் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

கதவைத் தள்ளித் திறக்காமல், அந்த ஒரு சாண் இடைவெளிக்கு முன்னால் நின்று, "அண்ணா" என்றாள்.

"வா பாப்பா."

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், இவள் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ தூங்கறன்னு நெனச்சேண்ணா" என்றாள் கடைசியில். "அதான் தட்டல."

"எங்க தூங்கினேன்?" என்றார் மச்சான். "கதவு சாத்தின நாள்லேர்ந்து நான் தூங்கவே இல்ல பாப்பா."

என் மனைவி திரும்பி வரும்போது வெறும் தட்டைக் கொண்டுவந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் தூங்கிவிட்டாராம். சாத்திவிட்டு வந்தாயா என்று கேட்டேன். "எதுக்குச் சாத்தணும்? அப்படியே வெச்சிட்டு வந்தேன்" என்றாள். அன்று அவள் ஜன்னலோரத்தில் பாயைப் போட்டுப் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியபிறகுதான் மச்சான் எழுந்தார். ஜாக்கி வைத்து வேனின் முன்பக்கத்தைத் தூக்கினார். கிளம்புகிற ஆள் செங்கல்லை உருவுவார் என்று நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். "என்ன மாப்ள வேடிக்கை பாக்கறீங்க? பின்னாடி கெடக்குற செங்கல்ல ரெண்டு எடுத்துட்டு வாங்க" என்றார்.

எடுத்துக்கொண்டு ஓடினேன்.